சின்ஃபுல் சாக்லேட், ஆர்த்தடாக்ஸ் டீ: ஆங்கிலத்தில் சாயம் போன மதச் சொற்கள்

ஊட்டி கமர்சியல் ரோட்டில் சாக்லேட் கடைக்கு ஆங்கிலத்தில் பலகை எழுதுகிறவர்கள் கைவசம் மூன்று சொற்கள் எப்போதும் தயாராக இருக்கும்: 'ஹெவன்லி', 'டிவைன்', 'சின்ஃபுல்'. அகராதியைப் புரட்டினால் முதலாவது சொர்க்கத்துக்குரியது, இரண்டாவது தெய்வீகமானது, மூன்றாவது பாவம் நிறைந்தது. பலகையில் மூன்றுக்கும் ஒரே பொருள்தான்: ஒன்று தின்றால் இன்னொன்றுக்குக் கை நீளும். சொர்க்கமும் பாவமும் ஒரே அட்டைப்பெட்டியில் உட்கார்ந்திருப்பது ஆங்கிலக் காதுக்கு உறுத்துவதில்லை. அதற்குக் கீழே தமிழில் 'பாவகரமான சுவை' என்று எழுதிவைத்தால், கடைக்காரர் எதையோ கலந்துவிட்டார் என்றுதான் வாங்க வந்தவர் நினைப்பார்.

'சின்ஃபுல்' பாராட்டானதற்குக் காரணம் இருக்கிறது. கிறிஸ்தவ மரபு எண்ணிச் சொல்லும் ஏழு தலையான பாவங்களில் பெருந்தீனியும் ஒன்று. கூடாது என்று தெரிந்தும் கை போகிறதே, அந்தக் குறுகுறுப்பைத்தான் விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதனால் வெண்ணெய், க்ரீம், சர்க்கரை, சாக்லேட் இவை தாராளமாக உள்ள பண்டத்தின்மேல்தான் இந்தச் சொல் உட்காரும். ஹோம்ஸ்டே மெனுவில் 'சின்ஃபுல் கேரட் சூப்' என்று போட்டால் வெள்ளைக்காரர் சிரிப்பார். சூப் குடித்து யாரும் குற்ற உணர்ச்சி பட்டதில்லை. 'டிவைன்' என்றால் சூப்புக்கும் சரி, சாம்பாருக்கும் சரி. கேக்கிலும் இதே விளையாட்டு உண்டு. முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் நுரைக்க அடித்துச் செய்யும் வெளுத்த கேக் 'ஏஞ்சல் ஃபுட்'. கறுத்த சாக்லேட் கேக் 'டெவில்ஸ் ஃபுட்'. காரசாரமாகச் செய்த முட்டைக்கு 'டெவில்ட்' என்று பெயர். பிசாசுக்கும் அதற்கும் உள்ள உறவு காரம் மட்டுமே.

இதே 'சின்ஃபுல்' ஒரு ஆளின்மேல் ஏறட்டும். 'எ சின்ஃபுல் மேன்' என்றதும் போன பாவமெல்லாம் முழு எடையோடு திரும்பி வந்துவிடும். ஆங்கிலத்தில் மதம் சார்ந்த பெயரடைகளின் நடத்தையே இப்படித்தான். பண்டத்தின்மேல், நேரத்தின்மேல், பழக்கத்தின்மேல் ஏறினால் சாயம் வெளுத்துவிடும். ஆளின்மேல் ஏறினால் ஒட்டிக்கொள்ளும். சில சொற்கள் கறையே ஆகிவிடும். அகராதிப் பொருளை மனப்பாடம் செய்வதைவிட, சொல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது அதிகம் பயன்படும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புதிய வித்தையல்ல. 'சைவம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவனைக் கும்பிடுகிறவர்களின் சமயப் பெயர், இன்றைக்கு ஓட்டல் பலகையில் கறி, மீன், முட்டை இல்லை என்று மட்டும் சொல்கிறது. நெற்றியில் திருமண் இட்ட வைணவர் 'நான் சுத்த சைவம்' என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதம் கேட்பார், யாருக்கும் அதில் முரண் தெரியாது. அடுத்த படியாக 'அசைவ ஜோக்' வந்துவிட்டது. அதில் சாப்பாடும் இல்லை, சாமியும் இல்லை. திட்டு வாங்குவது 'அர்ச்சனை', அடி வாங்குவது 'பூசை', காரியத்துக்காக ஒருவர் வீட்டு வாசலுக்கு ஓயாமல் நடப்பது 'காவடி'. ஆக, ஆங்கிலக்காரரின் 'ஹோலி', 'கேத்தலிக்', 'ஆர்த்தடாக்ஸ்' எல்லாம் இதே பாதையில் போனவைதான். அவை எந்த முனையில் திரும்பின என்று தெரிந்துகொண்டால் போதும்.

இந்த மலையில் அதிகம் புழங்கும் மதப் பெயரடை 'ஆர்த்தடாக்ஸ்'தான். அதுவும் கோயிலில் அல்ல, குன்னூர் தேயிலைத் தொழிற்சாலையில். கிரேக்கத்தில் 'ஆர்த்தோ' என்றால் நேரான, சரியான. 'டாக்ஸா' என்றால் கருத்து, நம்பிக்கை. சரியான நம்பிக்கை உடையவர் என்று ஒரு சபையார் தங்களைச் சொல்லிக்கொள்ள வந்த சொல் இது. தேயிலைக்கு இது எப்படி வந்தது என்பது சுவையான சங்கதி. கொழுந்தை வாட்டி, ரோலரில் போட்டு முறுக்கி, காற்றுப்படப் பரப்பிக் கறுக்கவிட்டு, உலர்த்தி, சலிக்கும் முறை ஒன்றுதான் இருந்தவரை அதற்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை; அது வெறும் 'டீ'. 1930-களில் அஸ்ஸாமில் நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் வந்தது. பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராக, வெவ்வேறு வேகத்தில் சுழலும். இடையில் மாட்டிய இலை குருணையாகிவிடும். அதன் பிறகுதான் பழைய முறைக்காரர்களுக்கு 'ஆர்த்தடாக்ஸ்' என்ற பெயர் வேண்டியிருந்தது. போட்டி வந்த பிறகே பழையது 'சரியான வழி' என்று பட்டம் கட்டிக்கொள்ளும். மதத்திலும் அப்படித்தான், மாற்றுக் கருத்துக்காரர் ஒருவர் எழுந்த பிறகுதான் மற்றவர் ஆர்த்தடாக்ஸ் ஆனார்.

தொழிற்சாலையில் விருந்தினருக்கு விளக்குகிறவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணோடு சொன்னால் நன்றாக ஏறும். ஆர்த்தடாக்ஸுக்குக் கொழுந்தை நன்றாக வாட்ட வேண்டும். பறித்தபோது முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் ஈரத்தைச் சுமார் 60 சதவீதத்துக்கு இறக்குவார்கள். சி.டி.சி.க்கு 70 சதவீத அளவிலேயே நிறுத்திவிடலாம். வாட்டல் குறைந்தால் ரோலரில் இலை முறுக்கிக்கொள்ளாமல் உடையும். அதிகமானால் சாறு வெளியே வராது. கடைசியில் இரண்டு வகையையும் 3 சதவீத ஈரம் வரை உலர்த்துகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற நீலகிரித் தேயிலையின் பதிவிலேயே 'ஆர்த்தடாக்ஸ்' என்ற சொல் இருக்கிறது. ஆனால் 'வீ மேக் ஆர்த்தடாக்ஸ் டீ' என்று சொல்லிவிட்டு நிறுத்தினால், இஸ்ரேலிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ வந்த யூதர் ஒருவர் தம் சமய விதிப்படி தயாரித்தது என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. அவர்களிடையே 'ஆர்த்தடாக்ஸ்' என்றால் சமய விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்கும் பிரிவு. 'ஹோல் லீஃப், ரோல்ட்' என்று இரண்டு சொல் சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது.

கிரிக்கெட்டிலும் இதே சொல் இருக்கிறது. ஜடேஜாவின் பந்துவீச்சு 'ஸ்லோ லெஃப்ட் ஆர்ம் ஆர்த்தடாக்ஸ்'. இடக்கையர் விரலால் சுழற்றும் வழக்கமான முறை என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. இடக்கையால் மணிக்கட்டைச் சுழற்றி வீசுவது 'அன்ஆர்த்தடாக்ஸ்'. சாதாரணப் பேச்சில் 'அன்ஆர்த்தடாக்ஸ் மெத்தட்' என்றால் புதுமாதிரி வழி. பெரும்பாலும் லேசான பாராட்டு. நம்மவர்கள் எழுதும் மணமகள் தேவை விளம்பரத்தில் மட்டும் 'ஆர்த்தடாக்ஸ் ஃபேமிலி' ஆசாரமான குடும்பம் என்ற பொருளில் நிற்கிறது. இந்தியாவுக்குள் அது செல்லும். வெளிநாட்டார் படித்தால் ரஷ்ய, கிரேக்கத் திருச்சபையோ, யூதரோ, கேரளத்துச் சுரியானி சபையோ என்று யோசிப்பார்கள். 'ட்ரெடிஷனல்' என்று எழுதுங்கள். சபையைக் குறித்தால் பெரிய 'ஓ', முறையைக் குறித்தால் சின்ன 'ஓ'.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரம் உச்சத்துக்குப் போவது 'கேத்தலிக்'கில். கிரேக்க மூலத்தில் இதற்கு 'முழுமைக்குமான', 'எங்கும் பொதுவான' என்று பொருள். சின்ன 'சி' போட்டு 'கேத்தலிக் டேஸ்ட்ஸ்' என்று எழுதினால், கர்நாடக சங்கீதமும் கேட்பார், கானாவும் கேட்பார், ஜாஸும் கேட்பார் என்று பொருள். பலதும் ரசிப்பவர் என்பதைத் தவிர அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று அதில் இல்லை. பெரிய 'சி' என்றால் ரோமைத் தலைமையாகக் கொண்ட திருச்சபை, நம்மூர் வழக்கில் ஆர்.சி. இந்த இரட்டைப் பொருளைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஞாயிறுதோறும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பலர் கவனிக்காதது. விசுவாசப் பிரமாணத்தில் ஆங்கிலத்தில் 'ஹோலி கேத்தலிக் சர்ச்' என்று வரும் இடத்தைச் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் 'பரிசுத்தமாயிருக்கிற பொதுவான சபை' என்பார்கள்; ஆர்.சி.காரர்கள் 'புனித கத்தோலிக்கத் திருச்சபை' என்பார்கள். ஒரே ஆங்கிலச் சொல். ஒரு மொழிபெயர்ப்பு சின்ன 'சி'யைப் பார்த்தது, மற்றது பெரிய 'சி'யை. ஆங்கிலப் பிரார்த்தனைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு 'சி.எஸ்.ஐ.யிலும் கத்தோலிக்கரா?' என்று கேட்கும் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு இந்த ஒரு வரி விடை சொல்லும்.

'ஹோலி'க்கும் 'சேக்ரட்'டுக்கும் தமிழில் பரிசுத்த, புனித, தூய, திரு என்று நாலைந்து சொற்கள் இருக்கின்றன. எதைப் போடுவது என்பது சபையைப் பொறுத்தது. 'ஹோலி பைபிள்' சி.எஸ்.ஐ.யில் 'பரிசுத்த வேதாகமம்', ஆர்.சி.யில் 'திருவிவிலியம்'. 'ஹோலி ஸ்பிரிட்' ஒரு பக்கம் 'பரிசுத்த ஆவி', மறுபக்கம் 'தூய ஆவி'. 'சேக்ரட் ஹார்ட்' என்பது 'திரு இருதயம்'. 'புனித நெஞ்சு' என்று எழுதிவிடாதீர்கள். பழைய ஆர்.சி. அச்சில் புனிதர் பெயருக்கு முன் 'அர்ச்.' என்று ஒரு சுருக்கம் இருக்கும்; 'அர்ச்சியசிஷ்ட' என்ற பழஞ்சொல் அது, பெயரின் இனிஷியல் அல்ல.

ஆங்கிலத்துக்குள் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் நுட்பம். 'ஹோலி' என்ற சொல் 'ஹோல்', அதாவது முழுமை, என்ற சொல்லின் உறவு. தன்னளவில் புனிதமானது என்ற சாயல் அதற்கு. 'சேக்ரட்' லத்தீனிலிருந்து வந்தது. ஒன்றுக்கென்று ஒதுக்கிவைத்தது என்பது அதன் அடிப்படை. அதனால் திருநீறு 'ஹோலி ஆஷ்', தீர்த்தம் 'ஹோலி வாட்டர்'. ஆனால் பூணூல் 'சேக்ரட் த்ரெட்', கோயில்காடு 'சேக்ரட் க்ரோவ்'. 'ஹோலி க்ரோவ்' என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் அந்நியமாகக் கேட்கும். தோடர்களைப் பற்றி எழுதியவர்கள் 'சேக்ரட் டெய்ரி', 'சேக்ரட் பஃபலோ' என்று எழுதியதற்குக் காரணமும் இதுவே. மந்து என்ற தோடர் குடியிருப்பில் எல்லா எருமையும் ஒன்றல்ல. சடங்குக்கென ஒதுக்கிய எருமைகள் தனி, வீட்டுப் பாலுக்கான எருமைகள் தனி. ஒதுக்கிவைத்தல் என்ற பொருள் அங்கே அச்சாகப் பொருந்துகிறது. 'ஹோலி பஃபலோ' என்றால் அந்த வகைப்பாடு காணாமல் போய், வியப்பொலி மாதிரி ஆகிவிடும்.

வியப்பொலி என்றதும் மாடு ஞாபகம் வருகிறது. 'ஹோலி கௌ!' என்பது 'அடேயப்பா!' 'சேக்ரட் கௌ' என்பது யாரும் விமர்சிக்கத் துணியாத விஷயம். நம் நாட்டுப் பசு வழிபாட்டைப் பார்த்து ஆங்கிலம் உண்டாக்கிக்கொண்ட தொடர். இரண்டையும் மாற்றிப் போட்டால் வாக்கியம் கவிழ்ந்துவிடும். இரண்டையும் இந்தியர் முன்னால் சொல்லத் தயங்கும் வெள்ளைக்காரர்களும் உண்டு. 'ஹோலி டெரர்' என்றால் அறுந்த வால், அடங்காத பிள்ளை. பயங்கரவாதத்துக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை.

ஊட்டி தூய ஸ்தேவான் ஆலயம் 1829-ல் அடிக்கல் நாட்டியது. அதன் பின்புறச் சரிவில் உள்ள கல்லறைகளில் 'சேக்ரட்' என்ற சொல்தான் கண்ணில் முதலில் படும். 'சேக்ரட் டு த மெமரி ஆஃப்' என்று தொடங்கி அடுத்த வரியில் பெயர் இருக்கும். 'புனிதமான நினைவு' என்று இதை மொழிபெயர்க்கிற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். சிலர் அங்கே புதைத்தவரைப் புனிதர் என்றே சொல்லிவிடுகிறார்கள். 'டு' என்ற சின்னச் சொல்லைக் கவனித்தால் போதும். இன்னாருடைய நினைவுக்கென்று ஒதுக்கிய கல் என்பதுதான் பொருள். தமிழில் 'இன்னாரின் நினைவாக' என்று முடிந்துவிடும். அதே கல்லில் 'ரெலிக்ட் ஆஃப்' என்று இருந்தால் 'இன்னாரின் விதவை'. 'ரெலிக்' என்பது வேறு. அது புனிதரின் எலும்பு, உடை போன்ற திருப்பண்டம். கடைசியில் ஒரு 'டி' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். 'ஆஃப் பிளெஸிட் மெமரி' என்று யாராவது தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னால் அவர் காலமாகிவிட்டார். 'நலமா இருக்காரா?' என்று கேட்டுவிடக் கூடாது.

வரவேற்பு மேசையில் இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டியது 'கிறிஸ்டியன் நேம்'. ஞானஸ்நானத்தில் வைக்கும் பெயர் என்பதிலிருந்து 'முதற்பெயர்' என்று பொதுவாகிப்போன தொடர். பழைய பதிவேடுகளிலும் வயதான ஆங்கிலேயர் பேச்சிலும் இன்னும் இருக்கிறது. முஸ்லிம், யூத, பௌத்த விருந்தினரிடம் 'யுவர் கிறிஸ்டியன் நேம் ப்ளீஸ்' என்றால் முகம் சுளிக்காவிட்டாலும் விநோதமாகப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று கேளுங்கள். படிவத்திலும் அப்படியே அச்சடியுங்கள். 'தட்ஸ் வெரி கிறிஸ்டியன் ஆஃப் யூ' என்று ஒரு பாட்டி சொன்னால் உங்களை மதம் மாற்றவில்லை. 'பெரிய மனசுப்பா உனக்கு' என்கிறார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டாம். மற்ற மதத்தாருக்குப் பெரிய மனசு இல்லையா என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருப்பதால், இளையவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஆளின்மேல் ஏறினால் ஒட்டிக்கொள்ளும் என்றேனே, அதில் கறாராக இருக்க வேண்டிய சில உண்டு. யூதரைக் குறிக்கும் பெயரடை 'ஜூயிஷ்'. 'ஜூ' என்பதைப் பெயரடையாக்கி 'ஜூ கெஸ்ட்', 'ஜூ ஃபேமிலி' என்றால் வசை. மட்டாஞ்சேரியில் 'ஜூ டவுன்' என்று தெருப்பெயரே இருக்கிறதே என்பீர்கள். இடப்பெயராக உறைந்துபோனது அது, நாம் புதிதாக உண்டாக்க உரிமம் அல்ல. இஸ்லாமியரைப் பொறுத்தவரை, ஆட்களுக்கு 'முஸ்லிம்', கலை, சட்டம், நாட்காட்டி போன்றவற்றுக்கு 'இஸ்லாமிக்'. 'இஸ்லாமிஸ்ட்' அரசியல் இயக்கத்தைக் குறிப்பது. விருந்தினரை அப்படிச் சொல்லிவிட்டால் ரசாபாசம். 'மொஹமடன்' சட்டப் புத்தகத் தலைப்பிலும் கொல்கத்தா கால்பந்துக் கிளப் பெயரிலும் தங்கிவிட்டது. நபியை வணங்குகிறவர்கள் என்ற தவறான பொருள் அதில் தொக்கி நிற்பதால் பேச்சில் வேண்டாம். 'கோஷர்' யூத உணவு விதி. கொடைக்கானல் வட்டக்கானல் பக்கம் இஸ்ரேல் பயணிகள் வருவது வழக்கம் என்பதால், மெனுவில் அழகுக்காக அந்தச் சொல்லைப் போட்டுவைக்கக் கூடாது. பேச்சில் 'சம்திங் இஸ் நாட் கோஷர்' என்றால் 'ஏதோ சரியில்லை', அவ்வளவே.

நம் மொழியிலிருந்தே போய்க் கறையான சொல் ஒன்று உண்டு. 'பரையா' என்று ஆங்கிலப் பத்திரிகைகள் சர்வசாதாரணமாக எழுதும் சொல், பறையர் என்ற சாதிப் பெயர்தான். உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்று எழுதும் லண்டன்காரருக்கு அது ஒரு சமூகத்தின் பெயர் என்பது தெரியாமலே இருக்கலாம். தமிழ்நாட்டில் ஆங்கிலம் எழுதுகிற நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. 'ஐசொலேட்டட்', 'அவுட்காஸ்ட்' எல்லாம் இருக்க, அதை எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. கிறிஸ்தவரல்லாதாரை இளக்காரமாகச் சொல்லும் 'ஹீதன்' என்பதும் அப்படித்தான். மலைவாசிகளைப் பற்றிய பழைய மிஷனரிக் குறிப்புகளில் வரி தவறாமல் வரும். மொழிபெயர்க்கும்போது மேற்கோள் குறிக்குள் நிறுத்திவிடுங்கள். இயேசு சபையாரின் ஆங்கிலப் பெயரான 'ஜெஸூயிட்'டை வைத்துக் குயுக்தியான வாதத்துக்கு 'ஜெஸூயிட்டிக்கல்' என்பார்கள். தோடர்களை நேரில் பார்த்து 1603-லேயே எழுதிவைத்த ஃபெனிசியோ ஒரு இயேசு சபைத் துறவி; அவர் குறிப்பில் குயுக்தியைத் தேடினால் ஏமாற்றம்தான்.

ஒருவர் பக்தியைச் சொல்லவும் சொல்லுக்குச் சொல் வெப்பம் மாறும். 'டிவௌட்' மரியாதையானது, கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். 'ரிலிஜியஸ்' நடுநிலை. 'பயஸ்' இந்திய ஆங்கிலத்தில் பாராட்டு. இங்கிலாந்தில் பாதிப் பேருக்கு அது பாசாங்குக்காரர் என்று படும், 'பயஸ் ஹோப்' என்றால் நடக்காத ஆசை. 'ஹோலியர் தேன் தௌ' முழு வசை: தன்னைப் பெரிய சுத்தபத்தக்காரன் என்று காட்டிக்கொள்கிறவன். ஏசாயா 65-ஆம் அதிகாரத்தின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. கல்யாண அழைப்பிதழில் 'ஆன் திஸ் பயஸ் அக்கேஷன்' என்று அச்சடிக்கிறார்களே, அங்கே வேண்டியது 'ஆஸ்பிஷஸ்', அதாவது சுபமான. அந்தச் சொல்லைப் பிரித்தால் பறவையைப் பார்ப்பது என்று வரும். ரோமானியர் பட்சி சகுனம் பார்த்துத்தான் காரியம் தொடங்கினார்கள். நம் கல்யாணப் பத்திரிகைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

'ரிலிஜியஸ்' பின்னால் 'அபௌட்' சேர்ந்தால் சாமி காணாமல் போவார். 'ஹி இஸ் ரிலிஜியஸ் அபௌட் க்ளீனிங் த ஃபில்ட்டர்' என்றால் ஒரு நாள் தவறாமல் ஃபில்ட்டரைக் கழுவுகிறார். 'ரிலிஜியஸ்லி'யும் அப்படியே; கேரட் பாத்திக்கு வேளை தவறாமல் தண்ணீர் விடுகிறவருக்கு அந்தச் சொல் போதும். இன்னொரு பொறி: கான்வென்ட் அறிக்கையில் 'த ரிலிஜியஸ்' என்று வந்தால் அது பெயரடை இல்லை, கன்னியாஸ்திரிகளும் துறவறத்தாரும். 'செக்யூலர் ப்ரீஸ்ட்' என்றால் நாத்திகச் சாமியார் அல்ல, துறவற சபை எதிலும் சேராமல் மறைமாவட்டத்தில் பணி செய்யும் குரு.

'அன்காட்லி அவர்' கேட்டால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மலை ரயிலைப் பிடிக்க நாலரைக்கு எழுப்பச் சொன்னால் வெள்ளைக்காரர் 'வாட் அன் அன்காட்லி அவர்!' என்பார், கடவுளே எழாத நேரம் என்று அர்த்தம். நமக்கு அது பிரம்ம முகூர்த்தம். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி கேட்கத் தொடங்கும் அந்த நேரத்தைவிடச் சாமிக்கு உகந்த நேரம் ஏது? சிக்னல் கிடைக்காத கிராமத்தைக் 'காட்ஃபர்சேக்கன்' என்பதும் இதே குடும்பம். சாமி கைவிட்ட இடம் என்று அந்த ஊர்க்காரரிடமே சொல்லலாமா? ஹோம்ஸ்டே விளம்பரத்துக்கு 'செக்லூடட்', அதாவது ஒதுக்குப்புறமான, என்று எழுதுங்கள்; அதே இடம், வாடகையும் கூடுதலாகக் கேட்கலாம்.

நாம் தினமும் வாயால் சொல்லிக்கொண்டு மதச் சொல் என்றே அறியாதது 'கிளரிக்கல் மிஸ்டேக்'. பட்டாவில் தகப்பன் பெயர் மாறியிருந்தால் தாலுகா ஆபீஸில் கிடைக்கும் முதல் பதில் அது. 'கிளரிக்' என்றால் குருவானவர். ஐரோப்பாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒரு காலத்தில் பெரும்பாலும் அவர்கள்தான் என்பதால் எழுத்துவேலை முழுக்க அவர்கள் பெயரில் போய், 'கிளார்க்' வந்தார். சட்டைக் கழுத்தோடு வந்தால் மட்டும், 'கிளரிக்கல் காலர்', பழைய பொருள் உயிரோடு இருக்கும். பங்கு என்ற 'பேரிஷ்'ஷிலிருந்து வந்த 'பரோக்கியல்' மனிதரைச் சொன்னால் குறுகிய புத்தி. அமெரிக்காவில் பள்ளியைச் சொன்னால் திருச்சபைப் பள்ளி.

'குட் ஃப்ரைடே'யில் 'குட்' என்பது பழைய ஆங்கிலத்தில் புனிதம் என்ற பொருள். தமிழில் புனித வெள்ளி, பெரிய வெள்ளி. துக்க நாள். 'ஹேப்பி குட் ஃப்ரைடே' என்று வாட்ஸ்அப்பில் பூங்கொத்து அனுப்புவதை நிறுத்த வேண்டும். வாழ்த்து ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்கு. எதிர்த்திசையில் போனது 'சில்லி'. பாக்கியம் பெற்ற என்ற பொருளில் தொடங்கி, வெகுளி, பரிதாபத்துக்குரிய என்று இறங்கி, இன்று அசடு. 'பாவம்' என்ற நம் சொல் குற்றத்திலிருந்து இரக்கத்துக்கு நடந்ததை வைத்துப் பார்த்தால் இரண்டும் நடுவழியில் சந்தித்திருக்க வேண்டும்.

மழைக்கும் இந்தச் சொற்கள் வேண்டியிருக்கின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. பெய்ததே, அதுபோன்றதற்கு 'பிப்ளிக்கல்' என்பார்கள். நோவா காலத்து நாற்பது நாள் மழை அளவுக்கு. சாதாரண ஆடிச் சாரலுக்கு அது மிகை. அதற்கு 'பிளெஸிட்' இருக்கிறது. உச்சரிப்பைப் பாருங்கள்: 'வீ ஆர் பிளெஸ்ட்' என்று ஒரே அசையில் முடித்தால் பாக்கியசாலிகள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இரண்டு அசையாகப் 'பிளெஸிட்' என்றால் இரண்டு வழி. மாதாவுக்கு முன்னால் வந்தால் 'பாக்கியவதியான'. வேறெதற்கும் முன்னால் வந்தால் பெரும்பாலும் அடக்கி வாசித்த வசை. கூடலூரில் ஜூலையில் மூன்று வாரம் துணி காயாமல் தொங்கும்போது 'இட் ரெயின்ஸ் எவ்ரி பிளெஸிட் டே' என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், ஆசீர்வாதம் என்று மொழிபெயர்க்காதீர்கள். 'தினமும் இந்தச் சனியன் பிடிச்ச மழை' என்பதுதான் சரி. சனியும் ஒரு சாமிதான்.